மாப்பிள்ளைக்கு வாங்கிய வழிகாட்டி

என் தனத்துக்கு,

எங்கே இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க வழியில்லை. எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து நடந்தால் ஒரு வாய் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வந்துவிடலாம். மேட்டுக் கொல்லையில், கிணற்றுக்குக் கிழக்கே, நாம் கடலை போடும் இடத்தில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு இது மூன்றாவது தீபாவளி.

வழக்கம்போல் நேரில் வந்து சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். இன்று என்னால் அங்கே வந்து உட்கார்ந்திருக்க முடியாது. வீட்டில் ஆள் இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதி எவ்வளவு காலமாயிற்று!

மலரும் மாப்பிள்ளையும் தலை தீபாவளிக்கு வந்திருக்கிறார்கள். நாளைக்குத்தான் பண்டிகை. பயணக் களைப்பில் இரண்டு பேரும் உள்ளே தூங்குகிறார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் கார் நிற்கிறது. அந்தக் கார் இங்கே வந்து சேர்ந்த கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நம் மாப்பிள்ளையை நீ பார்த்ததில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சொந்தக் கார், அதிகம் பேசாத பையன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண்டாட்டி இல்லாதவன் மகளைத் தாரை வார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நெய்வேலியிலிருந்து என் தம்பியும் அவன் வீட்டுக்காரியும் வந்து மணையில் உட்கார்ந்தார்கள். நான் சமையல் கட்டில் சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாகத்தான் இருந்தது.

அதனால் தலை தீபாவளியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மனதுக்குள் வைராக்கியமாக இருந்தேன். அது பெண் வீட்டில் நடக்க வேண்டியது. நம் வீட்டில், உன் அடுப்பில் நடக்க வேண்டியது. அன்றைக்கு ஒரு நாளாவது இந்த வீட்டில் யாராவது சிரிக்கிற சத்தம் கேட்காதா என்ற ஆசைதான், வேறென்ன?

மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்கலாமென்று மலரிடம் போனில் அளவு கேட்டேன்.

"அவங்க மோதிரமெல்லாம் போட மாட்டாங்கப்பா. வாங்கிப்புடாதீங்க."

"பின்ன என்னத்தம்மா வாங்குறது?"

"கார்ல வைக்கிற ஜிபிஎஸ்ஸுன்னு ஒன்னு வந்துருக்கு. போற எடத்துக்கு அதுவே வழி சொல்லும். இவங்க கடையில போயி நெடுநேரம் நின்னு பாத்துட்டு, வாங்காம வந்துட்டாங்க."

எனக்கு உடனே ஒரு நப்பாசை. வழி சொல்லும் மிஷினைக் காரில் வைத்த பையனுக்கு எங்கேயாவது தூரமாக ஓட்டிப் பார்க்கத்தானே தோன்றும்? ஓட்டினால் இங்கே ஓட்டட்டுமே என்று நினைத்தேன். பரிசில் ஒரு தூண்டில் முள்ளும் இருந்தது தனம். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்?

முதலில் பெரம்பலூர் போனேன். நாம் டார்ச் லைட் வாங்கினோமே, லெப்பைக்குடிகாட்டு சாதிக் பாயின் ஃபாரின் சாமான் கடை, அங்கே ஒன்று இருந்தது. மச்சான் துபாயிலிருந்து கொண்டு வந்ததாம். பாய் அதைக் கடைப் படிக்கட்டில் வைத்து முடுக்கினார். பளபளவென்று ரோடுகள் வந்தன. எல்லாம் துபாய் ரோடு.

"நம்ம ஊரு எங்க பாய்?" என்றேன்.

அவர் விரலால் படத்தை நகர்த்திக்கொண்டே வந்தார். கடல் தாண்டி நம் பக்கம் வந்தால் ஒரு கோடு கூட இல்லை. மொத்தத் தமிழ்நாடும் உழாமல் போட்ட கரம்பு மாதிரி கிடந்தது. பாய் சட்டென்று அணைத்துவிட்டார்.

"இது வேணாம் மாமா. நான் பாட்டுக்கு வித்துப்புடலாம். நாளைக்கு மாப்பிள்ளை முன்னால நீங்க தலையத் தொங்கப்போட்டு நிக்கக் கூடாது பாருங்க. திருச்சியில நம்ம நாட்டு மேப்பு போட்டது வந்துருக்காம். அங்க போயி எடுங்க. இன்ஷா அல்லா, மாப்பிள்ளைக்குப் புடிக்கும்."

திருச்சிக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். கார் சாமான் விற்கும் கடை, உள்ளே நுழைந்தாலே புது சீட் கவர் வாசனை. டை கட்டிய ஒரு தம்பி மூன்று விதமான மிஷின்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். அரியலூர் போடச் சொன்னேன், வந்தது. செந்துறை போடச் சொன்னேன், வந்தது. நம் ஊரைப் போடச் சொன்னேன். மூன்றும் முழித்தன.

"சின்ன ஊரெல்லாம் இன்னும் ஏத்தல சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. "ஏந்தம்பி, எங்க ஊருக்கு ரேஷன் கடை இருக்கு, தண்ணி டேங்க் இருக்கு, தேர்தல்னா ஜீப்பு ஜீப்பா வர்றானுவ. இதுக்கு மட்டும் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன். பாவம், அந்தத் தம்பி பொறுமையாக எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார்.

"நீங்க அந்த எடத்துல போயி நின்னு, இந்த பட்டனை அழுத்துங்க சார். அங்க ஒரு கொடி நட்டுக்கும். அப்புறம் எங்கேர்ந்து கேட்டாலும் அந்தக் கொடிக்கு வழி சொல்லும். ரோடு இல்லன்னாலும், அம்புக்குறி போட்டு எந்தப் பக்கம்னு காட்டும்."

எதை எடுப்பது? ஒன்றுக்குத் திரை பெரிசு. ஒன்றில் பேசும் ஆண் குரல் தாசில்தார் மாதிரி அதட்டியது. இன்னொன்றில் ஒரு பெண், இங்கிலீஷ்தான், சாந்தமாகப் பேசினாள். வழி தவறினால் திட்டவே மாட்டாளாம், பேசாமல் வேறு வழி கண்டுபிடிப்பாளாம். நீயாக இருந்தால் நடுரோட்டிலேயே என்னை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பாய்!

இத்தனை வருஷத்தில் எந்தக் கடையிலாவது நான் எதையாவது தேர்ந்தெடுத்திருக்கிறேனா? நீ எடுப்பாய், நான் பை பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கும் பழக்க தோஷத்தில், நீ என்ன சொல்லப் போகிறாய் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சீட் கவர் மாட்டிய பொம்மை நாற்காலி ஒன்று இருந்தது. பெண் குரல் மிஷினைக் கட்டச் சொன்னேன்.

வரும் வழியில் சிறுவாச்சூரில் இறங்கி, அம்மன் சன்னதியில் பெட்டியை வைத்துக் குங்குமம் வாங்கிக்கொண்டேன். "என்னங்க இது, டிவியா?" என்று பூசாரி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே நின்று யார் விளக்கம் சொல்வது?

மறுநாள் காலையில் கொடி நட உட்கார்ந்தேன். கூடத்தில் வைத்தால் மிஷின் தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. வாசலுக்கு வந்தால் நீ வைத்த புங்கமரம் வளர்ந்து வானத்தையே மறைத்துவிட்டது. அதற்கு வெட்டவெளி வேண்டுமாம். நானும் உன்னிடம் அதைக் காட்ட வேண்டுமென்றுதான் இருந்தேன். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மேட்டுக் கொல்லைக்கு வந்தேன்.

அன்றைக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? உன் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் கொடுத்து விழித்துக்கொண்டது. என் விரல் தடிமனுக்கு இரண்டு பட்டன் சேர்ந்து அமுங்கியது. நகத்தால் அழுத்தினேன், கொடி நட்டுக்கொண்டது. வீடு கூப்பிடு தூரம்தானே, ஊர் உலகத்துக்கே வழி சொல்கிற மிஷினுக்கு இது தெரியாதா என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது உறைக்கவில்லை.

வெற்றிலை பாக்கு, பழம், இனிப்பு, கூடவே இந்தப் பெட்டி. அரியலூரில் ரயில் ஏறிச் சென்னைக்கு அழைக்கப் போனேன். சம்பந்தி அம்மா நல்ல மாதிரிதான். காப்பி கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணா. அங்க பொம்பளைங்க யாருமில்ல. விடியக்காலம் எண்ணெய் வைக்கக்கூட ஒரு கை வேணும்ல? இந்த வருஷம் இங்கயே வச்சுக்கலாம். நீங்களும் இங்க வந்துடுங்களேன்."

மலர் தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். நீ இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது, வந்தாலும் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருப்பாய். "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எதைப் பார்க்கப் போகிறேன்?

திரும்பி வந்து, வருகிறார்களோ இல்லையோ என்று வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். தனியாக வெள்ளை அடித்த வீடு இன்னும் பெரிசாகத் தெரிகிறது. பேசினால் எதிரொலிக்கிறது, அதனால் பேசுவதையும் விட்டேன். அப்படி இருக்கும்போதுதான் போன வாரம் மலர் போன் செய்தாள்.

"அப்பா, நாங்க வர்றோம். அத்தையும் சரின்னுட்டாங்க. இவங்க தெனம் அந்த மிஷினையே நோண்டிக்கிட்டு இருந்தாங்கப்பா. ஒன்னுமே இல்லாத வெத்து எடத்துல ஒத்தக் கொடி நிக்குதாம். மாமா நட்டு வச்சிருக்காரு, போயிப் பாக்காம இருக்குறதான்னு கேட்டாங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன் தனம். பார்க்க யாரும் இல்லாத வீட்டில் அதற்கு ஒரு வசதி உண்டு.

இன்றைக்கு மத்தியானம். ஆரத்தி எடுக்கப் பக்கத்து வீட்டு ராசாத்தியிடம் சொல்லி வைத்து, வாசலில் காத்துக்கொண்டு நின்றோம். கார் ஹாரன் கேட்டது. ஊர்ப் பக்கமிருந்து கேட்கவில்லை, மேட்டுக் கொல்லைப் பக்கமிருந்து கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடி நட்டது வீட்டில் இல்லையே! தாலிக் கயிற்றில் மஞ்சள் கூட மங்காத பெண்ணையும் மாப்பிள்ளையையும், நல்ல நாள் அதுவுமாக, நேராகச் சமாதிக்கல்லவா வரவழைத்திருக்கிறேன்? சம்பந்தி அம்மா காதில் விழுந்தால் என்ன ஆகும்? இனிமேல் இந்த வாசலுக்கு அனுப்புவார்களா? செருப்பு கூடப் போடாமல் ஓடினேன்.

கிணற்று மேட்டில் கார் நின்றது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து அந்த இங்கிலீஷ்காரி வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மலர் உன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, எடம் மாறிப் போச்சு. வூட்டுல நட வேண்டிய கொடி" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். "என்ன பண்ணணும் மாமா? கும்பிடலாமா?" என்றார்.

"கும்பிடலாம்" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். அவர் கும்பிட்டதை நீ பார்த்திருப்பாய். சட்டையெல்லாம் கசங்கி, தலை கலைந்து இருந்தது. அதை வைத்து எடை போட்டுவிடாதே.

வீட்டுக்கு வந்த பிறகு மலர் அடுப்படியில் வந்து நின்றாள். வழி முழுக்க வாயைத் திறக்கக் கூடாது, கொடியைத் தானே கண்டுபிடிப்பேன் என்று மாப்பிள்ளை பந்தயம் கட்டினாராம். செந்துறை ரோட்டை விட்டு இறங்கியதும் திரையில் ரோடு காணாமல் போய், கொடியும் அம்புக்குறியும் மட்டும் இருந்தனவாம். புளியமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரிகிறதல்லவா, ஊருக்கு இடது பக்கம். அம்பு வலது பக்கம் காட்டியதாம்.

"எனக்கு அங்கயே தெரிஞ்சுடுச்சுப்பா."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னா வண்டியத் திருப்பிருப்பாங்க. பண்டிகைக்கு வந்த எடத்துல, எங்கம்மாவ வந்து பாருங்கன்னு நான் எப்படிப்பா கேக்குறது? கேக்கணும்னு கல்யாணத்துலேர்ந்து நெனச்சுக்கிட்டே இருக்கேன்." அரிசி களைவது போலத் திரும்பிக்கொண்டாள்.

தூங்கப் போகுமுன் மாப்பிள்ளை மிஷினோடு வந்தார். வாசலைத் தாண்டி வெயிலில் நின்று, வீட்டுக்கு இன்னொரு கொடி நட்டுக்கொண்டார். பழைய கொடியை எடுத்துவிடலாமே என்று சொன்னேன். "அது இருக்கட்டும் மாமா" என்றார். சம்பந்தி அம்மாவிடம் என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

நாளை மறுநாள் கிளம்பிவிடுவார்கள். கார் புளியமரம் தாண்டுகிறவரை பார்த்துவிட்டு நான் உள்ளே வருவேன். வீடு பழையபடி எதிரொலிக்கும். அதற்கு ஒரு மிஷினும் இன்னும் வரவில்லை.

ஆனால் நாளை விடியலில் எண்ணெய் வைக்க ஒரு கை வேண்டும் என்றார்களே, அதற்கு ராசாத்தி வருகிறேன் என்றாள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மணையில்தான் உட்கார விடவில்லை, எண்ணெய்க் கிண்ணத்தை யாரிடமும் கொடுக்க மாட்டேன். உன்னைப் போல நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி, இரண்டு பேர் உச்சியிலும் நானே வைப்பேன். முதல் கை எண்ணெய் என்னுடையது. இரண்டாவது கை உன்னுடையது என்று மலரிடம் சொல்லித்தான் வைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத,
உன் மலரப்பா