மீன் கழுவின வெள்ளம்

ஆடி மாசம், புதன்கிழமை.

கப்பல் வேலையில் இருந்தப்போ அண்ணன், மழையே பெய்யாத ஏதோ தீவின் பாறையிடுக்கில் பூத்த செடியின் விதையைக் கொண்டுவந்து சட்டியில் நட்டான். வெள்ளம் அதிகம் ஊற்றினால் ஆகாது என்றான். அவன் இறந்த பிறகு மழை படாமல் சன்ஷேடுக்கு அடியில் வைத்திருந்தேன்.

இன்றைக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து வேலை முடிந்து வந்து பார்த்தால், மொட்டோடு சரிந்து கிடக்கிறது. தண்டு அழுகிக் கொழகொழவென்று இருந்தது. சட்டியில் மீன் செதில்.

அம்மாவிடம் கேட்டேன்.

"நான்தான் தினமும் மீன் கழுவின வெள்ளம் விட்டேன். நீ பட்டினியில்லா போட்ட, மக்கா. அவனுக்க செடியாக்கும்."

சட்டியில் கிடந்த செதிலைப் பொறுக்கிப் போட்டேன்.

சோறு போடும்போது சொன்னாள், "நாளைக்குச் சாளை மீன் வாங்கு. கூடக் கொஞ்சம் விட்டுப் பாக்கலாம்."

வாங்கி வாறேன் என்றேன்.