அறுபது சென்டிமீட்டர் இடைவெளி

அக்டோபர் 6, திங்கள்

மூன்று வாரம் ககோஷிமா வேலைத்தளத்தில் கிடந்துவிட்டு இன்று மத்தியானம்தான் ஷிகோகு தீவுக்குத் திரும்பினேன். குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று டாக்சியிலிருந்து இறங்கினால், எங்கள் குடியிருப்பு வாசலில் புத்தம் புதிய சிமெண்ட் சரிவு. ஐந்து படிகளுக்குப் பக்கத்தில், கைப்பிடியெல்லாம் வைத்து. தரைத்தளத்து ஒகாபயாஷி சான் சக்கர நாற்காலியில் அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

"என்ன என்ஜினியரம்மா, ஒரு சவாரி போறீங்களா?"

சிரித்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

இந்தக் கட்டடம் இருபத்திரண்டு ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிலம் ஆடும்போது இது தன்பாட்டுக்கு மெதுவாக முன்னும் பின்னும் நகர வேண்டும். அதற்காகத்தான் சுற்றிலும் அறுபது சென்டிமீட்டர் காலியிடம். படிகள்கூடக் கட்டடத்திலிருந்து தொங்குகின்றன, தரையைத் தொடாது. கணக்குப் போட்டவள் நான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்தத் திமிரில்தான் நாலாவது மாடியில் வீடும் வாங்கினேன்.

அந்த இடைவெளியில் ஜல்லியைக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்! கட்டடத்தைப் பிடித்துத் தரையோடு கட்டிவிட்டார்கள். பெரிய நடுக்கம் வந்தால் ஓடிவந்து அதில்தான் முட்டும். தூண்கள் என்ன ஆகும்? இன்று கணக்குப் போட மனசில்லை.

அக்டோபர் 7

மொரிசாவா சானிடம் போனேன். முடிதிருத்தும் கடைக்காரர். சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்து இந்த வருஷம் குடியிருப்புச் சங்கத் தலைவர். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றேன். வீடு வீடாகச் சுற்றிவந்த சுற்றறிக்கை அட்டையை எடுத்து நீட்டினார். முப்பத்தாறு வீடு, கையெழுத்துக்குப் பதிலாக முப்பத்தாறு பெயர் முத்திரை.

"ஒருத்தர்கூட எதிர்க்கல. அவ்ளோ நல்ல மனசு நம்ம ஆளுங்களுக்கு."

நாலாவது மாடி வரிசையில் என் முத்திரை. கொஞ்சம் சாய்ந்து.

ககோஷிமா கிளம்பிய காலை. பெட்டி ஒரு கையில். அட்டையைப் பார்த்ததும் ஷூவை மாட்டிக்கொண்டே ஒரு குத்து, பக்கத்து வீட்டுக் கதவில் தொங்கவிட்டுவிட்டு ஓட்டம். குப்பை எடுக்கும் நாளை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேனா? ஒன்றுமே நினைக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் குத்துகிறேன்.

இடைவெளியைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். முத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அக்டோபர் 8

படிகள் மாதிரியே கட்டடத்திலிருந்து தொங்கும் இரும்புச் சரிவு செய்யலாம். பட்டறையில் கேட்டேன், நாலு வாரம் என்கிறார்கள்.

"அப்ப இரும்பு வந்ததும் இத உடைச்சுரலாம். பன்னெண்டு வருஷமா வராதது நாலு வாரத்துலயா வந்துரப் போகுது?" என்றார் மொரிசாவா சான்.

நியாயம்தான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

சாயங்காலம் ஐந்து இருபதுக்கு நடுக்கம். கடலுக்கடியில். பெரிதில்லை. அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கட்டடம் லேசாக நகர ஆரம்பித்தது, வழக்கம்போல் படகு மாதிரி. அப்போது கீழே வாசல் பக்கம் ஒரு சத்தம். டக். மறுபடி டக்.

இறங்கி ஓடினேன். சரிவு கட்டடத்தோடு சேரும் இடத்தில் முடி கனத்தில் விரிசல். இத்தனூண்டு ஆட்டத்துக்கே!

ஏழு மணிக்கு அரசு அறிவிப்பு: இதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம், ஒரு வாரம் எச்சரிக்கையாக இருங்கள்.

நாலு வாரமாம். நமக்கு ஒரு வாரம்கூட இருக்கா?

அக்டோபர் 10

டக். காதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 11, சனி

அவசரக் கூட்டம். உடனே உடைக்க வேண்டும் என்றேன். காரணம் சொன்னேன். எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒகாபயாஷி சான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது எந்த முகத்தோடு உடைப்போம் என்று கை தூக்குவார்கள்?

ஒகாபயாஷி சான்தான் பேசினார். "ரெண்டு வருஷம் இந்த அஞ்சு படிக்கு மேல உக்காந்து தெருவ வேடிக்கை பாத்தேன். இப்பதான் ரெண்டு ஞாயிறா சந்தைக்குப் போறேன். தங்கச்சி இஞ்சிக் கடையில உக்காந்து நாலு பேரத் திட்டி வியாபாரம் பண்ணிட்டு வர்றேன். அது உங்களுக்குப் பொறுக்கல, இல்ல?"

"அப்படியில்ல, ஒகாபயாஷி சான்—"

"இவ்ளோ ஆபத்துன்னா மொதல்லயே சொல்றதுக்கென்ன? அட்டை உங்க வீட்டுக்கு வரலையா?"

தப்பிக்க வழியிருந்தது. ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றேன்.

"வந்துச்சு. முத்திரை என்னோடதுதான். படிக்காம குத்திட்டேன். படிச்சிருந்தா அன்னைக்கே தடுத்திருப்பேன், இரும்புலயே செஞ்சிருக்கலாம், நீங்களும் ஒருநாள்கூட உள்ள கெடக்க வேண்டியிருந்திருக்காது. தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க." இடுப்பை வளைத்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை. கண்ணீர் பாயில் சொட்டியது. நாற்பத்தேழு வயதில், முப்பத்தைந்து வீட்டுக்காரர்கள் முன்னால்.

திடீரென்று அவர் சிரிப்பு. "நிமிருங்கம்மா. இங்க எவன் படிச்சான்? நான் ஒருத்தன்தான் படிச்சேன். அதுல என் பேரு இருந்துச்சு."

யாரோ இருமினார்கள். மொரிசாவா சான் காது சிவந்துபோனார்.

"உடைங்க. ஆனா நாளைக்குச் சந்தை. போயிட்டு வந்தப்புறம் உடைங்க. அதுக்கப்புறம் என்னத் தூக்குறது யாரு? அதையும் இப்பவே சொல்லிருங்க."

உடைப்பதற்கு முப்பத்தாறு கை உயர்ந்தது, அவருடையதும் சேர்த்து. தூக்குவதற்கு என் கை மட்டும். மொரிசாவா சான் இடுப்புவலி என்று முணுமுணுத்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாடியிலிருந்து பார்த்தேன். சந்தையிலிருந்து திரும்பியவர் சரிவில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மூன்று தடவை. எனக்குத் தாங்கவில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

அக்டோபர் 13

உடைத்தாயிற்று. ஜல்லியைக் கடைசிக் கல்வரை நானே பொறுக்கினேன். அவர் ஜன்னல் திரை மூடியே இருந்தது.

அக்டோபர் 15, புதன்

எழுதிவிட வேண்டும்.

காலை பத்து நாற்பது. முதலில் கைபேசி அலறியது. அப்புறம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே மின்கம்பங்கள் பேயாட்டம் ஆடின, எதிர்வீட்டு ஓடுகள் சரிந்தன. எங்கள் கட்டடம் மட்டும் நீளமாக, மெதுவாக — போகிறது, வருகிறது, போகிறது. மேசைக்கடியில் கிடந்து அந்த டக் எப்ப வரும் எப்ப வரும்னு காதத் தீட்டிக்கிட்டே இருந்தேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல்.

வரல. வரவே இல்ல.

நின்றதும் கட்டடத்துக்கு அடியில் இறங்கினேன். அங்கே ஒரு தகடு உண்டு, அதன்மேல் ஒரு ஊசி. கட்டடம் போன வழியையெல்லாம் அது கீறி வைக்கும். வாசல் பக்கமாக அளந்தேன். நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.

அந்தக் கான்கிரீட் இருந்த இடத்துக்குள் நாற்பத்து மூன்று. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மேலே வந்தால் ஒகாபயாஷி சான் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். "தேநீர் சிந்தவே இல்ல," என்றார். அவ்வளவுதான். தெரு முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். கடலோரத்து ஆட்களெல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டார்களாம்.

அக்டோபர் 19

குழாயில் மறுபடி தண்ணீர் வந்தது. இந்த ஞாயிறு சந்தை இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வாசல் கதவில் சுற்றறிக்கை அட்டை தொங்கியது. நாளை மறுநாள் சந்தை மறுபடி திறக்கிறது, இரும்பு வரும்வரை ஒகாபயாஷி சானைப் படியில் தூக்கிவிட வாரத்துக்கு நாலு பேர். பெயர்ப் பட்டியல் போட்டிருந்தார்கள். முதல் பெயர் மொரிசாவா. கீழ்மாடிகள் எல்லாம் குத்தி முடித்திருந்தன.

அடியில் ஒகாபயாஷி சானின் கையெழுத்து, கோணல்மாணலாக: "என் எடை எழுபத்தெட்டு கிலோ. நாற்காலி தனி. படித்துவிட்டு முத்திரை குத்தவும்."

வாசலிலேயே நின்று முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். அப்புறம்தான் முத்திரையை எடுத்தேன்.