நீரெலியும் மலைப்பாசியும்

இல்லை, தீட்டு அல்ல. உங்கள் வெற்றிலைக் கொடிகள் அழுகியது எலியால்தான்.

இதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு நேற்று கொடைக்கானலிலிருந்து ரோஜாக் கன்றுகள் வந்தன. வேரைச் சுற்றி ஈரப்பாசி. பிரித்ததும் சதுப்பின் வாசனை. நம் கல்லூரி வகுப்பு. நீ.

நீரில் வாழும் இரண்டு உயிர்களை ஒப்பிடச் சொன்னார்கள். நாங்கள் மீனையும் தவளையையும் எழுதினோம். நீ மலைச் சதுப்பின் பாசியையும் உன் ஊர் சோழவந்தான் வாய்க்காலின் நீரெலியையும் எழுதினாய். வகுப்பே சிரித்தது.

"ஒண்ணு தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். ஒண்ணு கரையத் தோண்டி விட்டுரும். இதுக்கு மேல என்னடி வேணும்?" என்றாய்.

அந்த விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்தேன். ஒரு காலை, வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் உங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் பாய்ந்தது. உடைந்த வளையிலிருந்து எலி நீந்திப் போனதை இருவரும் பார்த்தோம். வெற்றிலைக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. நீ உள்ளே இறங்கி, சேற்றை அள்ளி அடைத்தாய். நான் பதறிக் கத்தினேன்.

"தூர நாள்ல இப்படி நனையாதடி, மேல வா!"

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கொடிக்காலுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது மதுரைத் தெருவில் வளர்ந்த எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தே இறங்கினாய். நான் கத்தியதைக் கேட்டபடி உன் அத்தை எங்கள் பின்னால் நின்றிருந்தார்.

ஒரு வாரத்தில் கொடிகள் அழுகின. உன் தீட்டுதான் காரணம் என்றார் அத்தை.

"எலிதேன் அத்தை தோண்டுச்சு" என்றாய்.

"எலி நெதமுந்தேன் தோண்டுது. நெதமுமா கொடி அழுகுது? காலேசுக் கழுதைக்கு வாயப் பாரு!"

உன் அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுத்தா. எலியப் பாத்தியா?"

பார்த்தேன் என்றால் அத்தையைப் பொய்யாக்க வேண்டும். நான் விருந்தாளி. தலையைக் குனிந்துகொண்டேன்.

உன் படிப்பு அன்றோடு நின்றது. ரயிலடியில் நீ என்னைத் திட்டக்கூட இல்லை. "நோட்டெல்லாம் நீயே வச்சுக்கடி" என்றாய். உன் நோட்டுகளைப் படித்துத்தான் நான் பட்டம் வாங்கினேன். உனக்குக் கல்யாணம். போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். தந்தி கூட எனக்கு வரவில்லை. யாரோ சொல்லித் தெரிந்தது.

நான் சொல்லாதது என்னிடமே இருந்தது. வடியவில்லை.

இன்று காலை வண்டியில் உன் ஊருக்குப் போனேன். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். உன் அம்மா வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எலியைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் கை நின்றது.

"இம்புட்டு நாளா எங்க தாயி போயிருந்த?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் தாழும்வரை வெற்றிலை அடுக்கினேன்.