இடுக்கியால் எடுத்த இனிப்புப் பெட்டி

அன்புள்ள இசாமு,

நானும் அப்பாவும் ஊறுகாய்க் கடையும் சௌக்கியம். லீமாவில் இப்போது வெயில் காலமாமே, நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். இங்கே நம் ஊர் யொகொத்தேயில் கூரைப் பனி இறங்குகிற வழியாய் இல்லை.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஊர் வாயால் கேட்பதைவிட என் கையெழுத்தில் படிப்பது உனக்கு நல்லது. போன ஞாயிறு உன் மிஹாருவின் அம்மா கல்யாணப் பேச்சுக்கு நம் வீட்டுக்கு வந்து, கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைப் பாயில் வைத்து இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினாள். அதை நான் ஆஸ்பத்திரியில் கொடுத்த நீட்டு இடுக்கியால் கவ்வித் தூக்கினேன். செத்த எலியை எடுக்கிற மாதிரி. நடுவழியில் அது ஊசலாடியது வேறு.

சிரிக்காதே, எனக்கு வயிறு எரிகிறது. முதுகின் பாதியிலிருந்து இடுப்புவரை இரண்டு கம்பியும் ஒரு டப்பா திருகாணியும் வைத்திருக்கிறவள் பாய்வரை எப்படிக் குனிவாள்? எலும்போடு எலும்பு ஒட்டும்வரை தரையில் உட்காரக் கூடாது, கீழே கிடப்பதை எடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதற்காக உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, கடையில் இருந்த உயரமான நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, விருந்தாளிக்கு வழக்கம்போலப் பாயில் திண்டு போட்டார். நான் மேலே மகாராணி, அவள் கீழே மனு கொடுக்க வந்தவள். அந்த அம்மாள் வாசலில் குனிந்தாள், அறைக்குள் குனிந்தாள், நெற்றி பாயில் படக் குனிந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் கோழிபோலக் கழுத்தை மட்டும் ஆட்டினேன். ஆபரேஷன் விஷயத்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சம்பந்தம் பேசும்போது முதல் வார்த்தையாக வியாதியையா சொல்வார்கள்? முதுகுக் கோணல் பரம்பரைச் சொத்தோ என்று பிறக்காத பேத்திவரை அளந்துவிட மாட்டார்களா?

வீட்டுக்குப் போனவள் நம் தெரு தோகியேயிடம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாள். தோகியேயின் கத்தரியைவிட அவள் நாக்குக்குத்தான் வேலை அதிகம். “அவங்க ரொம்பப் பெரிய இடம் போலிருக்கு, எங்க பொண்ணு அங்க போய் என்ன பாடுபடுமோ, பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்னு பாக்கறோம்” என்றாளாம் மிஹாருவின் அம்மா. அதற்குத் தோகியே சமாதானம் சொல்ல வேண்டாமா? “யாசுயோ அக்கா முன்னெல்லாம் எவ்வளவு பணிவு தெரியுமா! முதுகுல இரும்பை வச்சதும் மூக்கும் சேந்து நிமிந்துக்கிச்சு” என்று என்னைச் சொல்லியிருக்கிறாள். இதை என்னிடமே வந்து, நான் வருத்தப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டு, போகும்போது புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் வாங்கிப்போனாள்.

பணிவாம், பணிவு! ஊறுகாய்த் தொட்டிமேல் அமுக்குக் கல்லைத் தூக்கித் தூக்கி வைத்து, என் முதுகெலும்பு தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, முன்னாலும் கவிழ்ந்து, கடைத்தெருவில் ஊராரின் செருப்பை மட்டுமே பார்த்து நடந்தேன். அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள் இந்தப் புத்திசாலிகள். வங்கிக்காரர் பதிலுக்குக் குனிவார், கோயில் குருக்கள் என்னைக் காட்டி மற்றப் பெண்களுக்குப் புத்தி சொல்வார். புதிதாக வந்த தபால்காரன் நான் நிமிரட்டும் என்று குனிந்தபடியே நின்றான், நான் எங்கே நிமிர்வது, அவனும் நிமிரவில்லை, கடைசியில் அப்பா வந்துதான் அவனை விடுவித்தார். கால் மரத்துப்போய்த் தெருக்கோடிவரை போகமுடியாமல் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, வலிக்கிறதா என்று ஒருத்தி கேட்டாளா? இப்போது நிமிர்ந்து நடந்தால் மட்டும் எல்லாருக்கும் கண் உறுத்துகிறது. டாக்டர் எக்ஸ்ரே படத்தில் கோடு போட்டு, தலை நேராக இடுப்புக்குமேல் வந்துவிட்டது அம்மா என்று சந்தோஷப்பட்டார். அவர் எதற்கு அவ்வளவு பாடுபட்டார், தோகியேயின் உச்சந்தலை வழுக்கையை நான் மேலிருந்து பார்க்கவா? பார்த்தேன், அது வேறு விஷயம்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு அப்பா என்னைக் காரில் அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கும் தூக்கம் இல்லைதான். ஆனால் நான் குனியாததற்கு யாரும் முகம் தூக்க உரிமை இல்லை. என் முதுகின் எக்ஸ்ரே படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், ஏணி மாதிரி இருக்கும், பயப்படாதே. அதைப் போனில் படம் பிடித்து மிஹாருவுக்கு அனுப்பி, அவள் அம்மாவிடம் காட்டச் சொல். எங்கள் வீட்டில் திமிர் இல்லை, திருகாணிதான் என்று சொல்லட்டும். நீயும் கம்ப்யூட்டர் முன்னால் இறால்போலச் சுருண்டு உட்காராதே, பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கு.

நீயும் மிஹாருவும் நூறு வயது நிமிர்ந்த முதுகோடு வாழ வேண்டும். படத்தை மறக்காமல் இன்றே அனுப்பு.

உன் அம்மா,
யாசுயோ

பி.கு. படத்தில் தொடைமூட்டுப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பு. அங்கே இரும்பு கிடையாது. முதுகை நேராக வைத்து அந்த மூட்டிலிருந்து மடங்கி அழகாக வணங்கலாம் என்று பயிற்சி கொடுக்கும் பெண் போன மாதமே கற்றுக்கொடுத்துவிட்டாள். அந்த ஞாயிறு காலை, மிஹாருவின் அம்மா வருவதற்குச் சற்று முன்னால், மீன்காரனுக்கு அப்படித்தான் இரண்டு தடவை வணங்கினேன்.