அடுப்பை விட்டு எழாத ரொட்டிக்காரி

உன் புத்தகம் என் மேசைமேல் இருக்கிறது. பிரித்தால் முந்திரிக்கொட்டை சுடும் புகை வாசம் அடிக்கிறது. காடாம்புலியூரில் உன் வீட்டுப் பரணில் கிடந்து, பக்கத்து முந்திரி ஆலையின் புகையை எல்லாம் குடித்திருக்கிறது. நேற்றுதான் போய் வாங்கிவந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலக வாசகர் வட்டத்தில் இந்த நாவலின் குறியீடுகளைப் பற்றி நான் பேச வேண்டுமாம். நீ பேச வேண்டிய கூட்டம். நீ இல்லாததால் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

நான் புத்தகத்துக்காக மட்டும் போகவில்லை. உன்னை எடுக்கும்போது நான் வந்து சேரவில்லையே, அதை உன் மனைவி எப்படி எடுத்துக்கொண்டாள் என்று தெரியாமலே ஒரு வருஷம் ஓடிவிட்டது. கருமாதிக்கு வந்தபோதும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். எனக்குப் பயம்.

மெயின் பஜார் நடைபாதையில் அட்டை கிழிந்து கிடந்த இந்தத் தடிப் புத்தகத்தை நீதான் வாங்கினாய். புரட்சி வெடித்த ஏதோ ஒரு தூரத்து நகரத்தின் கதை. முதலில் ராஜாவின் ஆட்கள் தலை உருளுகிறது, பிறகு உருட்டியவர்களின் தலையும் உருளுகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ரொட்டிக்காரி. ஆரம்பத்திலேயே கூட்டம் அவள் கடைக்குள் புகுந்து மாவு மூட்டைகளைக் கிழிக்க, எஜமான், வேலைக்காரன் என்ற அடையாளமே தெரியாமல் எல்லோரும் வெள்ளையாகிவிடுகிறார்கள். மாவு சமத்துவத்தின் குறியீடு என்று முன்னுரை சொன்னது.

"அட போய்யா, குளிச்சா போயிடும் அது" என்றாய் நீ.

அனல்மின் நிலையத்திலிருந்து தினமும் சாம்பல் படிந்த சட்டையோடு வீடு திரும்புகிற எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாம் உண்மையாகச் சண்டை போட்டது அடுப்புக்காக. தெருச் சண்டையில் ரொட்டிக்காரியின் மகனைச் சுட்டுவிடுகிறார்கள். செய்தி வருகிறது. அவள் அடுப்பை விட்டு எழவில்லை. ரொட்டி சுட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் இல்லாமலே மகனைப் புதைத்துவிட்டு வருகிறார்கள். அணையாத அந்த அடுப்பு மக்களின் அணையாத கோபம் என்றது முன்னுரை. நான் அதை அப்படியே நம்பினேன். வார விடுமுறையில் டீக்கடையில் உட்கார்ந்து உனக்கு அதைப் படித்தும் காட்டினேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திவுட ஆள் வரலய்யா அவளுக்கு. அடுப்பு எரிஞ்சிகினு இருக்குது. வுட்டுட்டு எப்படிப் போவா?"

"அது ரொட்டிக் கடைய்யா. நம்ம பாய்லர் இல்ல."

"எரியிறது எல்லாமே பாய்லர்தான்."

எந்த ஊரிலும் எவரும் ஒரு நாவலை இப்படிப் படித்திருக்க மாட்டார்கள். பாய்லர் பேனல் முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் நாம் நாற்காலியை விட்டு எழுவதில்லை. தலைவலியோ காய்ச்சலோ, மாற்றிவிட ஆள் வந்த பிறகுதான். எனக்கு அந்த ஆள் நீ. மதியம் இரண்டு மணிக்கு வந்து, "எழுந்திரிய்யா, வூட்டுக்குப் போ" என்பாய்.

அன்று பொங்கல் கழிந்த மறுநாள். இரண்டு மணி ஆயிற்று, நீ வரவில்லை. கரும்பு தின்றுவிட்டுத் தூங்கிவிட்டாய் என்று நினைத்து உன்னை நன்றாகத் திட்டினேன். அப்புறம்தான் போன் வந்தது. ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டாயாம். வேறு ஆளைத் தேடி ஷிப்ட் இன்சார்ஜ் எங்கெங்கோ போன் போட்டுப் பார்த்தார். பாதிப் பேர் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பேனலில் மீட்டர் முள் ஏறியது, இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்த பிறகு ஒருவர் வந்து என்னை மாற்றினார். நான் காடாம்புலியூர் வந்து இறங்கியபோது உன் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அன்று அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன். கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று மட்டும் தெரிகிறது.

நேற்று உன் மனைவி பரணில் ஏறிப் புத்தகத்தை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். நான் போய்விட்டிருக்கலாம். நின்றேன். "அன்னிக்கு என்னால நேரத்துக்கு வர முடியலம்மா" என்றேன்.

அவள் என்னை ஏதோ விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அது தெரியாதாண்ணா எனக்கு? பெரியவங்க எல்லாம் உங்களுக்காகக் காத்துகினுதான் இருந்தாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். அவரு எப்படி வருவாரு, அவர மாத்திவுடுற ஆளே இங்கதான படுத்துகினு கெடக்குறாருன்னேன்." பிறகு, "சாப்ட்டுப் போங்கண்ணா" என்றாள்.

சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முன்னுரையில் இருப்பதைச் சொல்லப் போவதில்லை. நீ சொன்னதைச் சொல்லப் போகிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த ரொட்டிக்காரிக்குக் கல் மனசு என்று யாராவது எழுந்து சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

இன்று மதியம் உன் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள் சரியான நேரத்துக்கு வந்தார். "சார், நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க" என்றார். கேட்டது. ஆனால் எழத் தோன்றவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். நான் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ இன்னும் வரவில்லையே.