நீ சும்மா போட்டுவைத்த எண்

ரூ பஜோல் தெருமுனைத் தமிழ்க்கடையில் எண்ணெயிலிருந்து மட்டன் ரோலை எடுக்கும் வாசனை வந்ததும் உன் குரல் வந்துவிட்டது. "வெளியில ஆறிட்டுது எண்டு நம்பிக் கடிக்காதையும். உள்ளுக்கு நெருப்பு." இன்றைக்கும் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மூன்று மணிக்கு ஆய்வகத்தில் கூட்டம்.

ஆய்வகத்தில் முதல் நாள் "நீர் எந்த ஊர்?" என்று நீ கேட்டபோது, திருச்சிக்காரியான எனக்கு அரசவையில் நிறுத்தி விசாரிப்பதுபோல இருந்தது. சிரித்துவிட்டேன், நீயும் சிரித்தாய். பிறகு அணு இணைவு உலையின் சுவரை நாம் இருவரும் கணினிக்குள் கட்டினோம். கொதிக்கும் பிளாஸ்மா மோதும்போது டங்ஸ்டன் சுவரிலிருந்து எத்தனை அணுக்கள் பெயரும், அதில் எத்தனை அங்கேயே திரும்பி ஒட்டும், சுவர் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்கிட்டோம். நிரலுக்குள் குறிப்புகளை மட்டும் தமிழில் எழுதினோம். குழுத் தலைவரைத் திட்டவும் அது வசதியாக இருந்தது.

போன வாரம் அப்படியொரு குறிப்பு கண்ணில் பட்டது. திரும்பி ஒட்டுவது பத்துக்கு ஒன்பது என்ற எண்ணுக்கு மேலே நீ எழுதியிருந்தாய்: "இது சும்மா போட்டது. பிறகு மாத்தோணும்."

அதை மாற்ற உனக்கு நாள் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவள் மூன்று வாரத்தில் இறந்துபோனாய். கட்டுரையை முடித்து அனுப்பியவள் நான். நீ போனபிறகு குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், நானே பார்க்கவில்லை. இப்போது எண்ணைச் சரியாகக் கணக்கிட்டுப் போட்டு ஓட்டினால், சுவர் நாம் சொன்னதைவிட வெகு சீக்கிரம் தேய்ந்துபோகிறது. அந்த வரியை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க? ஆர்ஜொந்தெயில் உங்கள் வீட்டில் உன் படத்துக்குப் பக்கத்தில் உன் அம்மா அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதை நினைத்துத்தான் பயந்தேன்.

காலையில் அவருக்குப் போன் செய்தேன். "கட்டுரையில ஒரு தப்பு இருக்கும்மா. இன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லணும். அவ பேரும் அடிபடும்" என்றேன். அந்த எண்ணுக்கு மேலே நீ குறிப்பு எழுதிவைத்திருந்ததையும் சொன்னேன். அதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"மாத்தோணும் எண்டுதானே பிள்ளை எழுதி வைச்சிருக்கிறாள்? பிறகென்ன, மாத்து."

உன் வரியை நான் அழிக்கவில்லை. அதன் கீழே, உன் தமிழிலேயே, "மாத்திட்டன்" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். இரண்டு வரிகளையும் இன்று அவர்களுக்குப் பிரெஞ்சில் சொல்லவேண்டும். நீ பக்கத்தில் இருந்திருந்தால் மேசைக்கடியில் என் காலை மிதித்து "சொல்லும்" என்றிருப்பாய்.

சொல்லப்போகிறேன்.