அப்பாவின் தலையில் நான் வைத்த முடி

தலையில் துண்டில்லாமல் வாசல்படி தாண்டாத என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. உங்கள் தோற்றத்தையே மாற்றி வைத்தவன் எந்த வாயால் நலம் விசாரிப்பது? இங்கே மறியல் இல்லாத நாட்களில் பஸ் ஓடுகிறது. மறியலுக்கு வெட்டிப் போட்ட புளியமரங்களை எப்போதோ ரோட்டோரம் தள்ளிவிட்டார்கள்.

நீங்கள் போன அன்று இட ஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் மறியல். கச்சிராயபாளையத்தில் வாழும் அக்காவுக்கு சைக்கிளில் ஆள் அனுப்பிச் சொன்னோம். கைக்குழந்தை வள்ளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் நடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெயில் காலம், வைத்திருக்க முடியவில்லை. "கடைசியா மூஞ்சியக்கூடப் பாக்கலியேடா" என்று அழுதாள். பென்சிலில் வரைந்து தருகிறேன் என்றேன். அப்போதுதான் படம் போடப் பழக ஆரம்பித்திருந்தேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இருந்த ஒரே போட்டோ அக்கா கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் நீங்கள் தலைப்பாகையோடு. கட்டம் போட்டுக் கண், மூக்கு, மீசை எல்லாம் கொண்டுவந்துவிட்டேன். துணி மடிப்பு போட அப்போது எனக்கு வராது, தலைப்பாகையை விட்டுவிட்டேன். வெறுந்தலைக்கு வந்ததும் கை நின்றது. சித்தப்பா எட்டிப் பார்த்து, "முடி இருந்தாதான்டா படத்துக்குக் களை. ஜாஸ்தியாவே போடு" என்றார். பழியை அவர்மேல் போடலாம். ஆனால் உங்கள் வழுக்கையைச் சுவரில் மாட்ட எனக்கே கூச்சமாக இருந்தது அப்பா.

போட்டதையாவது ஒழுங்காகப் போட்டேனா? ஒவ்வொரு முடியையும் தனிக் கோடாக அழுத்தி இழுத்தேன். நெற்றிக்கு மேல் வேலி கட்டியதுபோல் ஆகிவிட்டது. முதலில் மொத்தத்தையும் லேசாக நிழலடிக்க வேண்டும், வெளிச்சம் விழும் இடத்தை ரப்பரால் எடுக்க வேண்டும், கடைசியில்தான் முடி படியும் பக்கமாகச் சில கோடுகள். இதெல்லாம் பிறகு கெடுத்துக் கெடுத்துக் கற்றது. காரியத்தன்று நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்க, படத்தில் நீங்கள் மாப்பிள்ளை மாதிரி இருந்தீர்கள்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "இன்னாடா இது? நம்ப அப்பாவுக்கு ஏதுடா இம்மாம் முடி?" என்றாள். பிறகு அவளே, "போவுது வுடு. பாத்துக்கினு இருக்க இதுவாவது இருக்குதே" என்று முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறாளாம், யாரோ ஒருவருக்கு.

மனசு ஆறாமல் மறுபடி வரைந்தேன். ஏறின நெற்றி, மினுங்கும் உச்சி, காதோரம் மட்டும் கொஞ்சம் நரை. நிறைய முடி போடுவதைவிட நாலு முடி போடுவதுதான் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. போன வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பார்த்ததும், "அப்பா" என்று ஒரு சொல்தான் சொன்னாள். அப்புறம் அழுகை.

வள்ளி இப்போது நன்றாகப் பேசுகிறாள். படத்தை எட்டிப் பார்த்து, "யாரு மாமா இது?" என்றாள்.

"உங்க தாத்தாதாம்மா."

"இல்ல. எங்க தாத்தா அதோ," என்று சுவரைக் காட்டினாள்.

பழைய படத்தைக் கழற்றப் போனேன். அவள் அழுத அழுகையில் கையை எடுத்துவிட்டேன். உங்களைப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறோம் அப்பா. இனி போகும்போதெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு, இவர்தான் உன் தாத்தா என்று காட்டுவேன். அவள் நம்புகிற வரைக்கும் காட்டுவேன்.

இப்படிக்கு,
முன்னந்தலை இப்போதே ஏறத் தொடங்கிவிட்ட
உங்கள் மகன் முருகேசன்